நூற்றுக்கு எண்பது

“மாப்பிள்ளை எங்கட பிள்ளையின்ர பேரை மூண்டு தரம் கேட்டவர். மூண்டாம் தரம் கேக்கேக்க எங்கட பிள்ளைக்கு அழுகை வந்திட்டுது.” இப்பிடித்தானே புறோக்கர் சிவஞானத்தாரிட்டச் சொல்லி விட்டனீங்கள், மிஸிஸ் யோகநாதன்? ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்கு ஒருக்காக் கேட்டால் காணும், அப்பிடியே நிக்கும். கொன்வென்ற் பழக்கம்.

சரி, நான் கேக்கிறன். ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர பேரைக் கேக்கிறது குற்றமோ? கேக்காமல் விட்டால்தானே குறை சொல்லவேணும்? மூண்டு தரம் கேட்டவன் எண்டால், அந்தப் பேரில அவனுக்கு அவ்வளவு விருப்பம் எண்டு நினைச்சிருக்கலாம். நீங்கள் நினைக்கேல்லை. அப்பிடி நினைக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்.

எழும்பாதேங்கோ. அவன்ர சாதகக் குறிப்பைத் திருப்பித் தர வந்தனீங்கள் எண்டு கதவைத் திறந்த உடனேயே விளங்கிட்டுது. கைப்பைக்கு வெளியில அரைவாசி நீட்டிக்கொண்டு நிக்குது அந்தக் கவர். மேசையில வையுங்கோ, அது ஒரு இடமும் ஓடாது. தபாலில போட்டிருக்கலாம், நேரில வந்தியள், அது உங்கட பெருந்தன்மை. அப்ப ஒரு தேத்தண்ணி தராமல் அனுப்பினால் எனக்கு மரியாதையில்லை. உங்கட அவர் காருக்குள்ள இருக்கட்டும். ஹீற்றர் இருக்குத்தானே? காருக்குள்ள தனிய இருக்கிறது ஆம்பிளையளுக்குச் சந்தோசம்.

ரெண்டாவது குறையும் ஒண்டு சொல்லியிருக்கிறியள். “வந்து இருந்த உடன எங்கட பிள்ளையைப் பற்றி எங்கட பிள்ளைக்கே ஒப்புவிச்சவர்.” ஓம், ஒப்புவிச்சவன்தான். ஆர் சொல்லிக் குடுத்தது? நான்தான். நீங்கள் பிள்ளையோட வாறதுக்கு முன்னம் கிழமை முழுக்க நானும் அவனும் இந்த மேசையில இருந்து படிச்சனாங்கள். அஞ்சே அஞ்சு விசயம். பிள்ளையின்ர பேர், படிப்பு, வேலை செய்யிற இடம், ஊர், தம்பியின்ர பேர். அஞ்சுக்கு மேல நான் குடுக்கிறதில்லை. அஞ்சு எண்டால் பிடிப்பான். அண்டைக்கு என்ன நடந்தது? ஃபார்மஸி படிச்சவ எண்டு சொன்னவனோ இல்லையோ? சொன்னவன். மார்க்கம் ரோட்டுக் கடையில வேலை எண்டவன். உரும்பிராய் எண்டவன். தம்பி கிருஷாந் எண்டவன். நாலு சரி. பேர் ஒண்டுதான் தவறினது. நூற்றுக்கு எண்பது! எங்கட மதர் இக்னேஷியஸின்ர வகுப்பில எண்பது எடுத்தவளை முன்வாங்கில இருத்துவா. நீங்கள் ஃபெயில் எண்டுறியள்.

உங்கட பிள்ளைக்கும் வயசு முப்பத்திரண்டு எண்டதை நான் ஞாபகப்படுத்தேல்லை. நான் அப்பிடியான ஆள் இல்லை.

சீனி போட்டிருக்கு, கலக்கிக் குடியுங்கோ.

“ஹொக்கி விளையாடினது ஒரு வேலையோ?” எண்டு உங்கட அவர் கேட்டவராம். அதையும் சிவஞானத்தார் கொண்டுவந்து தந்தவர். அந்தாளுக்கு வேற என்ன வேலை, இஞ்ச இருந்து அங்கயும் அங்க இருந்து இஞ்சயும் காவுறதுதானே. நீங்கள் போய் உங்கட அவருக்குச் சொல்லுங்கோ: என்ர மகன் ஆரூரன் சம்பளத்துக்கு விளையாடினவன். பதின்மூண்டு வருசம். வரி கட்டினவன். உங்கட அவர் வங்கியில ஒரே கதிரையில இருந்து தேஞ்ச மாதிரி இல்லை.

உங்களுக்கு ஐஸ் ஹொக்கி விளங்குமோ? எனக்கும் விளங்காது. கோலுக்குள்ள எப்ப போகுது, எப்ப வருகுது எண்டு இண்டைக்கும் எனக்குக் கண்ணுக்குத் தெரியாது, ஆக்கள் கத்தினால் நானும் கத்துவன். ஆனால் டிபென்ஸ் எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும். கோல் அடிக்கிறவனுக்கு முன்னுக்குப் போகத் தெரிஞ்சால் காணும். டிபென்ஸ் நிக்கிறவன் ஐஸில பின்பக்கமாப் போகவேணும். முகம் எதிர்ல வாறவனைப் பாத்துக்கொண்டிருக்கும், கால் பின்னால ஓடும். என்ர பிள்ளை ஏழு வயசில பின்னால ஓடப் பழகினவன். மற்றப் பெடியள் விழுந்து எழும்ப, இவன் வழுக்கிக்கொண்டு பின்னால பின்னால போவான், பின்னுக்கு என்ன இருக்கெண்டு ஒருக்காவும் திரும்பிப் பாக்கமாட்டான். கோச் எங்கட இவரிட்ட, “இந்தப் பெடியனுக்குப் பயமே இல்லை” எண்டு சொன்னவராம். நான் சொன்னன், பயமில்லாமல் இல்லை, சொன்னதைச் செய்யிற பிள்ளை எண்டு. வளர்ப்பு. வெள்ளைக்காரனுக்கு அது விளங்காது.

எங்கட இவர் அப்ப இஞ்ச கனடாவில ராக்ஸி ஓடினவர். விடியப்புறம் பெடியனை ஐஸ் ரிங்குக்குக் கொண்டுபோய் விட்டிட்டு, அந்தப் பெரிய ஹொக்கிப் பை நாறுற காரிலதான் விமான நிலையத்துக்கு ஆக்களை ஏத்துறது. ஆக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவினமாம். எங்கட சனம் என்னைக் கோயிலில வைச்சுக் கேட்டது, “என்ன ரஞ்சிதமக்கா, பெடியனை டொக்டருக்கு விடேல்லையோ?” எண்டு. நான் சொன்னன், டொக்டர்மார் ஸ்காபரோவில ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கினம், பெரிய லீக்கில தமிழ்ப் பெடியன் ஒருத்தன் இருக்கிறானோ காட்டுங்கோ எண்டு. வாயை மூடிக்கொண்டு போச்சினம்.

ஆனால் பெரிய லீக் லேசில கிடைக்கேல்லை. அதுக்குக் கீழ ஒரு லீக், அதுக்கும் கீழ ஒண்டு, எல்லாம் பஸ்ஸில போய் விளையாடிப்போட்டு பஸ்ஸிலயே நித்திரை கொள்ளுற லீக்குகள். இன்டியானாவில ஒரு ஊர். கன்சாஸில ஒரு ஊர், அங்க பச்சை மிளகாய் இல்லை. அலாஸ்காவில ஒரு சீசன், அங்க சூரியனே இல்லை. ஒரு ஊரில வீடு எடுத்து, கறிச்சட்டி வாங்கி, ஆக்களின்ர பேர் பழகி முடிய, கோச் கூப்பிட்டு “உன்னை வித்திட்டம்” எண்டுவான். அப்பிடித்தான் சொல்லுறது, விக்கிறதெண்டு. இவனும் ஏன் எண்டு ஒரு கேள்வி கேக்கமாட்டான். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ். கறிச்சட்டி அந்தந்த ஊரில நிண்டிடும். நான் அவனுக்கு வாங்கிக் குடுத்த சட்டியள் அமெரிக்கா முழுக்கக் கிடக்கு.

பேர்கூட அவங்களுக்கு வராது. ஆரூரன் எண்டு சொல்ல நாக்குச் சுளுக்கிப்போடும். ரூனி எண்டு வைச்சவங்கள். ரூனி, ரூனி. நான் போனில ஆரூரா எண்டால் சில நேரம் அது தன்ர பேர் எண்டு விளங்க அவனுக்கே கொஞ்சம் சுணங்கும்.

சண்டையோ? ஓ, அதையும் யூடியூப்பில பாத்திட்டியளோ. உங்கட பிள்ளை தேடிப் பாத்திருப்பா. நல்லது, கட்டிறதுக்கு முன்னம் தேடிப் பாக்கத்தான் வேணும். அது சண்டை இல்லை, தங்கச்சி. அது அங்க ஒரு உத்தியோகம். ரீமில கோல் அடிக்கிறவனை ஆரும் இடிச்சால், டிபென்ஸில நிக்கிற ஒருத்தன் கையுறையைக் கழட்டிப் போட்டிட்டுப் போய்க் கேக்கவேணும். போகாட்டில் அடுத்த நாள் வித்துப்போடுவாங்கள். நாங்கள் சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த ஆக்கள், என்ர பிள்ளை ஐஸில நிண்டு முகத்தில குத்து வாங்குது. முதல் தரம் பாத்திட்டு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. பிறகு பழகிட்டுது. போன் எடுத்தால், “அடிச்சனியோ, வாங்கினனியோ?” எண்டு கேப்பன். “ரெண்டும், அம்மா” எண்டுவான். சிரிப்பான். நல்ல சிரிப்பு அவனுக்கு. பல்லுத்தான் முன்னுக்கு ரெண்டு இல்லை, கட்டினது. அது உங்களுக்குத் தெரிஞ்சதோ? தெரிஞ்சிருக்காது. அண்டைக்கு அவன் சிரிக்கேல்லை.

ஏன் கீழ பாக்கிறியள்? அது வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ். பழைய வீடு, குளிருக்குச் சத்தம் போடும்.

சுவரில அந்தப் படத்தைப் பாருங்கோ. வெள்ளைச் சட்டை, முதுகில எங்கட இவரின்ர அப்பாவின்ர பேர் நீட்டுக்கு. இடம் காணாமல் எழுத்தை நெருக்கித் தைச்சிருக்கிறாங்கள். அதுதான் பெரிய லீக். ஓம், விளையாடினவன். ஒரு நாள் எண்டாலும் விளையாடினவன் விளையாடினவன்தானே.

அது எப்பிடி எண்டால், ஒரு வியாழக்கிழமை கீழ் லீக்கில விளையாடேக்க, மூலையில பக்கை எடுக்கத் திரும்பினவனை ஒருத்தன் பின்னால வந்து, ரிங்கைச் சுத்தி நிக்கிற கண்ணாடியோட சேத்து இடிச்சுப்போட்டான். பக் எண்டால் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு. இவன் எழும்பித் தானாத்தான் போனவன். அது பெரிசில்லை. வெள்ளிக்கிழமை காலமை பெரிய ரீமில இருந்து போன்: அங்க டிபென்ஸில ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சு போச்சு, ரூனி நாளைக்கு வரவேணும். பதினாறு வயசில இருந்து காத்திருந்த போன், தங்கச்சி! நான் அரை மணித்தியாலத்துக்குள்ள எங்கட சனம் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். பெரிய ரீ.வீ வாடகைக்கு எடுத்தாச்சு, கேக்குக்குச் சொல்லியாச்சு, நாப்பது பேர் வருகினம்.

ஆனால் போறதுக்கு முன்னம் சோதினை ஒண்டு இருக்கு. தலையில அடிபட்டவங்களுக்கு வைக்கிற சோதினை. ஒரு ட்ரெயினர் பெட்டை முன்னுக்கு இருந்து அஞ்சு சொல் சொல்லுவா, திருப்பிச் சொல்லவேணும். கொஞ்ச நேரம் வேற கதை கேட்டிட்டு, அந்த அஞ்சையும் பேந்தும் கேப்பா. பிறகு மாசங்களைப் பின்னால இருந்து சொல்லச் சொல்லுவா, டிசெம்பரில இருந்து. இதுதான் அவங்கட பெரிய சோதினை! எனக்கு முதல் முதல் சொல்லேக்க சிரிப்பு வந்திட்டுது. ஷேக்ஸ்பியரின்ர நீட்டுப் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிச்ச எனக்கு, அஞ்சு சொல்லோ?

அவன் மத்தியானம் போன் எடுத்தவன். “அம்மா, லைற் கண்ணுக்குள்ள குத்துது. மாசம் சொல்லிப் பாத்தன், நடுவில நிண்டு போகுது.”

நான் சொன்னன், லைற்றை நூத்துப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லு.

சொன்னவன். ஒக்டோபர் வரைக்கும் வந்தது, பிறகு இல்லை. பேந்தும் சொல்லு எண்டன். பேந்தும் இல்லை. அப்ப எனக்கொரு யோசினை வந்தது. அவன் சின்னனாய் இருக்கேக்க நான் தமிழ் மாசம் பாட்டு மாதிரிப் பழக்கினனான். இங்கிலீசை விடு, மனசுக்குள்ள தமிழில சொல்லு, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி எண்டு, சொல்லச் சொல்ல வாயால இங்கிலீசில மாத்திச் சொல்லு எண்டன். உடன பிடிச்சிட்டான்! மெல்ல மெல்லத்தான் வந்தது, ஆனால் முழுக்க வந்தது. சொல்லுகளும் அப்பிடித்தான். அவங்களிட்ட இருக்கிறதே நாலைஞ்சு கட்டுச் சொல்லு, மாத்தி மாத்தி அதைத்தான் கேக்கிறது. முந்திக் கேட்டதெல்லாம் அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான், எல்லாம் என்ர தலையில இருக்கு. கதவு, முட்டை, தொப்பி, ஆறு, ஊசி. ஒரு கட்டு. கதையாக் கட்டிக் குடுத்தன். கதவைத் திறந்தால் முட்டை, முட்டைக்கு மேல தொப்பி, தொப்பி ஆத்தில போகுது, ஆத்துக்குள்ள ஊசி. மறப்பானோ? வெள்ளைக்காரப் பெடியள் கோட்டை விட்டிருப்பாங்கள். அவங்களுக்கு ஆர் இருக்கிறது சொல்லிக் குடுக்க?

எங்கட இவர் பக்கத்தில நிண்டு கையை நீட்டினவர், போனைத் தா எண்டு. நான் குடுக்கேல்லை. பாடம் நடக்கேக்க குழப்பக்கூடாது. கையை நீட்டினபடியே கன நேரம் நிண்டவர். பிறகு காரை எடுத்துக்கொண்டு போயிட்டார்.

அவன் ஒண்டு கேட்டவன், கடைசியா. “அம்மா, நான் வீட்ட வரட்டோ?” எண்டு. சனிக்கிழமையை முடிச்சிட்டு வா ராசா எண்டன். எந்தத் தாயும் அதைத்தான் சொல்லுவாள். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பியள், பொய் சொல்லாதேங்கோ.

பாஸ். முழுப் புள்ளி. ட்ரெயினர் பெட்டை கைகுடுத்தவவாம்.

சனிக்கிழமை இந்த அறையில நிக்க இடமில்லை. கோயிலில என்னைக் கேள்வி கேட்ட சனம் எல்லாம் கேக் தின்னுகொண்டு நிலத்தில இருக்குது. முதல் பகுதியில அவனை இறக்கேல்லை, தங்கட ரீம் ஆக்கள் காத்திருக்கிற வாங்கிலிலதான் இருந்தவன். பிறகு இறக்கினவங்கள். நான் ஆளைக் கண்டுபிடிக்க முன்னம் எல்லாரும் “அந்தா, அந்தா” எண்டு கத்துகினம். பின்பக்கமா வடிவாப் போறான், முன்னால ஒருத்தன் வாறான், இவன் அவனைப் பாத்துக்கொண்டே போறான். பெரிய ஆள் அவன். ரெண்டு பேரும் இடிபட்டவை. ஒரு சத்தம் கேட்டது. இவன் விழவும் இல்லை! விழுந்தவன் மற்றவன். எங்கட வீட்டில கைதட்டு. இவன் தன்ர பாட்டில ஐஸைக் கடந்து போய் வாங்கிலில இருந்தவன்.

மற்ற ரீமின்ர வாங்கில்.

என்ன, விளங்கேல்லையோ? எதிரிப் பக்கத்து வாங்கில். சிவப்புச் சட்டைக்காரருக்கு நடுவில இவன் ஒருத்தன் வெள்ளைச் சட்டையோட போய் இருக்கிறான். அவங்கள் கதவையும் திறந்து விட்டவங்கள். ஒருத்தன் தள்ளியிருந்து இடமும் குடுத்தவன். தண்ணிப்போத்தல் ஒண்டைக் கையில குடுத்தவங்கள், இவன் தலையை ஆட்டி நன்றி சொல்லிக் குடிக்கிறான். ரீ.வீயில கதைக்கிறவங்கள் சிரிச்சுச் சிரிச்சுச் சாகினம். எங்கட வீட்டில நாப்பது பேர் சிரிச்சினம். நானும் சிரிச்சன். எங்கட இவர் மட்டும் எழும்பி ரீ.வீக்குக் கிட்டப் போய், அதின்ர கண்ணாடியில கையை வைச்சுக்கொண்டு நிண்டவர். மறைக்குது, தள்ளுங்கோ எண்டு ஆரோ சொன்னது. அவர் தள்ளேல்லை.

அதுக்குப் பிறகும் சோதினை வைச்சவங்கள். அதுவும் பாஸ். தொப்பி ஆத்தில போகுது, ஆத்துக்குள்ள ஊசி. திங்கட்கிழமை திருப்பிக் கீழ் லீக்குக்கு அனுப்பிப்போட்டாங்கள். அதுக்குத் தலை காரணமில்லை, வாங்கில் மாறி இருந்ததுதான் காரணம். எல்லாரும் சிரிச்சிட்டினம், கோச்சுக்கு வெக்கம்.

பிறகும் கன வருசம் விளையாடினவன். ஸ்லோவாக்கியாவிலகூட. எத்தினை தரம் இடிபட்டவன் எண்டு நான் எண்ணேல்லை, ஒவ்வொரு தரமும் போன் எடுப்பான், ஒவ்வொரு தரமும் படிப்பம், ஒவ்வொரு தரமும் பாஸ். ஒரு சோதினை அவன் ஃபெயில் விட்டதில்லை, மிஸிஸ் யோகநாதன். ஒருநாள் போன் எடுத்து, “அம்மா, நான் இப்ப எந்த ஊரில நிக்கிறன்?” எண்டு கேட்டவன். நான் சிரிச்சுப்போட்டன். ஊர் ஊராத் திரியிறவனுக்கு அப்பிடித்தான். ஜன்னலால எட்டிப் பார், கடைப் பலகையில எழுதியிருக்கும் எண்டன். எட்டிப் பாத்தவன். “அம்மா, எழுத்து ஓடுது” எண்டவன். பனி பெய்திருக்கும்.

பிறகு ஒரு வருசம் ஒருத்தரும் கூப்பிடேல்லை. வீட்ட வந்திட்டான். இளைப்பாறுறான். பதின்மூண்டு வருசம் பஸ்ஸில நித்திரை கொண்டவனுக்கு இளைப்பாற உரிமை இல்லையோ? கீழ பேஸ்மென்ற்றிலதான் இருக்கிறவன், அங்க பல்பெல்லாம் கழட்டியிருக்கு, அவனுக்கு இருட்டு விருப்பம். அண்டைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இருந்தது ஸ்ரைலுக்கு எண்டு உங்கட அவர் நினைச்சிருப்பார். புரட்டாதி பிறந்தால் மட்டும் கொஞ்சம் அந்தரப்படுவான். அது சீசன் தொடங்குற மாசம். பையைக் கட்டித் தோளில போட்டுக்கொண்டு, வாசலில சப்பாத்தோட நிப்பான், பஸ் வரப்போகுது எண்டு. பொழுதுபட எங்கட இவர் போய், “பஸ் சுணங்குதாம் தம்பி, உள்ள வந்திரு” எண்டு கூட்டிக்கொண்டு வருவார். ரெண்டு பேரும் கீழ போய் இருட்டுக்குள்ள இருப்பினம். இருக்கிறது மட்டும். எங்கட இவருக்கும் வயசு போச்சுது, தன்ர பாட்டில ஒண்டும் கதைக்கிறேல்லை. என்னோட கதைக்கிறதை விட்டு எவ்வளவோ காலம்.

மரியாதையான பிள்ளை, தெரியுமோ? நான் உடுப்புக் கூடையோட படியிறங்கினால், என்னைப் பாத்துக்கொண்டே பின்பக்கமாப் போவான். நான் ரெண்டடி வைச்சால் அவன் ரெண்டடி. முழங்கால் மடிச்சு, கை ரெண்டும் முன்னுக்கு. நான் நிண்டால் நிப்பான். சுவரில முதுகு முட்டும் மட்டும் போவான், பிறகும் கால் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருக்கும். வழி விடுறான். இந்தக் காலத்தில தாய்க்கு வழி விடுற பிள்ளை ஆர்?

அதுக்குள்ள உங்கட பிள்ளை வந்து என்ன செய்யவேணும்? ஒண்டும் பெரிசா இல்லை. சமையல் அவன் கேக்கமாட்டான், சண்டை பிடிக்கமாட்டான், ஐஸுக்கு வெளியில அவன் ஒரு எறும்பை மிதிச்சதில்லை. அஞ்சு அஞ்சாச் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். காலமை அஞ்சு விசயம், பின்னேரம் அஞ்சு விசயம். பொறுமையாச் சொன்னால் பிடிப்பான். படிச்ச பிள்ளை, மருந்துப் பேரெல்லாம் பாடமாக்கின பிள்ளை, இது ஒரு வேலையோ அவவுக்கு? எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு குழாய் வைச்சிருக்கிறாங்கள், தங்கச்சி. நான் உங்களுக்கு அதைச் சொல்லி இரக்கம் கேக்கேல்லை. எனக்குப் பிறகு ஆர் அவனுக்குப் பாடம் கேக்கிறது எண்டுதான் கேக்கிறன்.

இல்லை, அது ஃபேர்னஸ் இல்லை. நீங்கள் செவிடில்லையே, நான் ஏன் மறைப்பான். அவன்தான். சொல்லிப் பாக்கிறான். நாள் முழுக்கச் சொல்லிப் பாப்பான், ஆரும் எப்பவும் கேக்கலாம் எண்டு. எப்பவும் ஆயத்தமா இருக்கிற பிள்ளை.

ஏன் எழும்புறியள்? அவர் ஹோண் அடிச்சால் அடிக்கட்டும். ஒரு நிமிசம். “ஞாபகசக்தி இல்லை” எண்டுதானே உங்கட முடிவு? அப்ப உங்கட காதாலயே கேட்டிட்டுப் போங்கோ. நான் இந்தப் படித்தலைப்பில நிண்டு கேக்கிறன், அவன் கீழ இருந்து சொல்லுவான். முழுக்கச் சொன்னால் அந்தக் கவரைத் திருப்பி உங்கட கைப்பைக்குள்ள வையுங்கோ. சரியோ? சரி எண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டிலும் காரியமில்லை.

தம்பி! ஆரூரா! அம்மா கேக்கிறன். மாசங்களைச் சொல்லு ராசா, பின்னால இருந்து. வடிவா, சத்தமா.

மார்கழி. கேட்டியளோ? எவ்வளவு தெளிவு.

கார்த்திகை. ஐப்பசி. அவசரப்படாமல் சொல்லுறான் பாருங்கோ, நான் பழக்கினது. புரட்டாதி. ஓம், ஓம்.

ஆவணி.

இருங்கோ. மூச்செடுக்கிறான். நடுவில ஒரு மூச்செடுக்க நான்தான் சொல்லிக் குடுத்தது, எடுத்தால் ட்ரெயினருக்கு யோசிக்கிற மாதிரித் தெரியும். சப்பாத்தை இப்ப போடாதேங்கோ, அந்தச் சத்தம் அவனைக் குழப்பும். எட்டிப் பாக்காதேங்கோ, ஒண்டும் தெரியாது, இருட்டு. இப்ப சொல்லுவான். எனக்குத் தெரியும், நாக்கு நுனியில நிக்குது அவனுக்கு.

மிஸிஸ் யோகநாதன், கதவை இழுத்துச் சாத்திட்டுப் போங்கோ, குளிர் கீழ இறங்குது.

தம்பி, ஆவணி சொல்லிட்டாய். சரியாச் சொன்னாய். அடுத்ததைச் சொல்லு, ராசா.